அசுரப் படையை அமைப்பதும் நடத்துவதும்: ஒரு ஹாப்காப்லின் படையை முன்வைத்து

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேஜை விளையாட்டில் அசுரப் படை என்றதும் பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) எண்ணிக்கையைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். ஆறு காப்லின்கள் (குட்டி அசுரர்கள்) வந்த இடத்தில் அறுபது வரும். மேஜையில் அதனால் பயம் வராது, ஒரு ரவுண்டு (ஆளுக்கு ஒரு முறை வரும் சுற்று) முடிய அரை மணி நேரம் ஆகும் என்ற சலிப்புதான் வரும். கூட்டத்தைப் படையாக்குபவை நான்கு: கட்டளை யாரிடமிருந்து வருகிறது, அது எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது, எல்லோரும் எதைத் தின்கிறார்கள், எந்த நிலையில் ஓடுவார்கள். இவற்றுக்கு விடை எழுதிவைத்துக்கொண்டால் படை தானாக நடந்துகொள்ளத் தொடங்கும். அதைவிட முக்கியமாக, ஆட்டக்காரர்கள் அந்தப் படையை எங்கே பிடித்து உடைக்கலாம் என்பதும் அந்த நான்கு விடைகளுக்குள்ளேயே இருக்கும்.

கீழே வரும் கணக்கெல்லாம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளின்படி, ஐந்தாம் லெவலில் இருக்கும் நான்கு பாத்திரங்களை எதிரே வைத்துப் போட்டது. படைக்கு ஹாப்காப்லினை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கு, கவசம், அம்பு மூன்றும் சேர்ந்த இனம் அது. அதைக் கட்டத் தெரிந்தால் மற்றவை எளிது.

எட்டுப் பேர் என்ற அளவு

ரோமானியப் படையில் ஒரு கூடாரத்துக்கு எட்டுப் பேர், பத்துக் கூடாரம் சேர்ந்தால் எண்பது பேர் கொண்ட ஒரு செஞ்சுரி. மங்கோலியர்கள் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று போனார்கள். ஒரு தலைவன் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவில்தான் அடிமட்ட அணி இருக்க வேண்டும் என்பது இரண்டிலும் பொது.

ஹாப்காப்லினுக்கு எட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டக் கணக்கும் அங்கேதான் பொருந்துகிறது. ஒரு ஹாப்காப்லின் 100 எக்ஸ்பி (எதிரியின் கடினத்தை அளக்கும் அனுபவப் புள்ளி). எட்டுக்கு 800, ஏழு முதல் பத்து எதிரிகளுக்கான 2.5 பெருக்கத்தோடு 2000. ஐந்தாம் லெவல் பாத்திரங்கள் நால்வருக்கு நடுத்தரச் சண்டையின் எல்லையும் 2000. ஒரு கேப்டனைச் சேர்த்தால் 3750, அது கடினமான சண்டை. இரண்டு அணிகள் ஒன்றாக வந்தால் பெருக்கம் 4 ஆகி 6400, அதாவது உயிர்போகும் சண்டைக்கான 4400-ஐத் தாண்டிவிடும். ஆகவே இந்தப் படையில் உங்கள் கையில் இருக்கும் திருகு ஒன்றே ஒன்று: இரண்டாவது அணி எத்தனையாவது ரவுண்டில் வந்து சேரும்?

படையின் முழுப் பட்டியல் இது:

- ஹாப்காப்லின் 40 (எட்டுப் பேர் கொண்ட ஐந்து அணி), கேப்டன் 2, வார்லார்ட் 1
- காப்லின் 36 (பன்னிரண்டு பேர் கொண்ட மூன்று அணி, ஒவ்வொன்றிலும் ஒருவன் காப்லின் பாஸ்)
- வோர்க் (ராட்சத ஓநாய்) 8, அவற்றின் மேல் காப்லின் சவாரிகள் 8
- பக்பேர் (பதுங்கித் தாக்கும் அசுர இனம்) 6, ஓகர் (பெரிய உடல் அசுரன்) 2
- சுமைகூலிகளாகப் பிடித்துவந்த கைதிகள் 30, கோவேறு கழுதை 4

சோறு

இதைத் தவிர்க்கும் டிஎம்கள்தான் அதிகம். ஆனால் ஆட்டக்காரர்களுக்குச் சண்டையைத் தவிர வேறு வழிகளைத் திறந்துவிடுவது இந்தக் கணக்குதான். சிறிய, நடுத்தர உடல்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு உணவு, பெரிய உடலுக்கு நான்கு பவுண்டு. படைவீரர்கள் 93 பேருக்கு 93, இரண்டு ஓகருக்கு 8, எட்டு வோர்க்குக்கு 32, கைதிகளுக்கு 30. மொத்தம் 163 பவுண்டு. பத்து நாளுக்கு 1630 பவுண்டு. ஒரு கோவேறு கழுதை 420 பவுண்டு சுமக்கும். நான்கும் சேர்ந்து 1680. கழுதைகள் வழியில் மேயும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கழுதை செத்தாலும் இரண்டரை நாள் உணவு போய்விடும்.

எட்டு வோர்க்குகள் மட்டும் மொத்த உணவில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கின்றன. பஞ்சம் வந்தால் முதலில் கழுதைகள் மேல் கண் வைப்பவை அவைதான், அடுத்து கைதிகள் மேல். பட்டினி தொடங்கிய எத்தனையாவது நாளில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள்: முதல் நாள் கைதிகளுக்கு உணவு நிற்கும், இரண்டாம் நாள் காப்லின்களுக்குப் பாதி, மூன்றாம் நாள் ஒரு காப்லின் அணி இரவோடு இரவாகக் காணாமல் போகும். பழந்தமிழ்ப் புறத்திணை போரை வெட்சியில், பகைவரின் ஆநிரையைக் கவர்வதில் தொடங்கிவைத்தது. அசுரப் படைக்கும் அந்த வரிசை மிகப் பொருத்தம். மாடு தானே நடந்து வரும், கழுதை தேவையில்லை, நடுத்தரமான ஒரு மாடு இந்தப் படைக்கு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். எனவே முதல் சாகசம் கோட்டை முற்றுகையாக இருக்க வேண்டாம், ஊர் மாடுகள் காணாமல் போவதாக இருக்கட்டும். மாட்டைத் தேடிப் போகிறவர்கள் படையின் அளவை அங்கே கண்டுகொள்வார்கள்.

நடை வரிசை

வோர்க் சவாரிகள் எட்டுப் பேரை விட்டுவிட்டு எல்லோரும் இருவர் இருவராக நடந்தால் 117 பேருக்கு 59 வரிசை. வரிசைக்கு ஐந்தடி வைத்தால் 295 அடி. கழுதைகளும் இடைவெளிகளும் சேர்ந்து ஏறக்குறைய 400 அடி நீளம். டேஷ் செய்து (தாக்காமல் முழு முறையையும் ஓட்டத்துக்கே செலவிட்டு) ஓடும் ஹாப்காப்லின் ஒரு ரவுண்டில் 60 அடி கடக்கும். தலையில் தாக்கினால் நடுவில் இருப்பவர்கள் நான்காவது ரவுண்டில் வருவார்கள், வாலில் இருப்பவர்கள் ஏழாவதில். காட்டுப் புதரில் ஓட வேண்டியிருந்தால் இரு மடங்கு. ஒரு துண்டுத்தாளில் இந்த எண்களை எழுதி உங்கள் திரைக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள். "உதவிப் படை எப்போது வரும்" என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியதில்லை.

தூசிப்படையாக ஒரு காப்லின் அணி 300 அடி முன்னே போகட்டும். அது தாக்கப்பட்டால் முதல் ஹாப்காப்லின் அணி ஐந்தாவது ரவுண்டில் வந்துசேரும். வோர்க் சவாரிகள் நான்கு நான்காக இரு பக்கமும். உணவும் கைதிகளும் நடுவில். கூழைப்படையாக (பின்காவலாக) ஒரு ஹாப்காப்லின் அணியும் ஒரு கேப்டனும். பக்பேர்களை வரிசையில் நிறுத்தாதீர்கள். அவை படைக்குப் பின்னால் அரை மைல் தள்ளித் தனியாக வரட்டும், தடம் பிடித்துத் தொடரும் பாத்திரங்களைப் பின்னாலிருந்து பிடிக்க அவைதான் சரி. முதல் ரவுண்டில் எதிர்பாராத தாக்குதலாக அமைந்தால் பக்பேரின் அடியில் இரண்டு ஆறுமுகப் பகடை கூடும். வரிசையில் நின்று சண்டையிட்டால் அந்தத் திறமை வீண்.

இரவுப் பாசறை

ஹாப்காப்லினின் ஆர்மர் கிளாஸ் (தாக்குபவன் பகடையில் எட்ட வேண்டிய எண்) 18. அதில் 16 செயின் மெயில் (சங்கிலிக் கவசம்), 2 கேடயம். செயின் மெயில் அணிய 10 நிமிடம் ஆகும், கழற்ற 5 நிமிடம். தூக்கத்திலிருந்து எழுந்து வருபவனின் ஆர்மர் கிளாஸ் 11தான். ஒரு ஆக்‌ஷன் செலவழித்துக் கேடயத்தை எடுத்தால் 13. பகலில் கடக்க முடியாத சுவர் இரவில் வேலியாகிவிடுகிறது. இரவுத் தாக்குதலுக்குத் திட்டம் போடும் ஆட்டக்காரர்களுக்கு இந்தப் பலன் கட்டாயம் கிடைக்க வேண்டும். எழுந்தவுடன் எல்லோரும் கவசத்தோடு நின்றால் அவர்கள் உழைப்பைத் திருடியதாகிவிடும்.

படைக்கும் இது தெரியும், ஆகவே காவல் வேண்டும். நீண்ட ஓய்வு எட்டு மணி நேரம், அதில் இரண்டு மணி நேரம் வரை காவல் நின்றாலும் ஓய்வு கெடாது. நான்கு அணிகள் ஆளுக்கு இரண்டு மணி நேரம் முழுக் கவசத்தோடு நிற்கும், ஐந்தாவது அணிக்கு அன்று விடுமுறை. அடுத்த அணி பத்து நிமிடம் முன்பே எழுந்து கவசம் மாட்டும் என்பதால், காவல் மாறும் வேளையில் இரண்டு அணிகள் கவசத்தோடு இருக்கும். தாக்கச் சரியான நேரம் ஒரு காவலின் நட்டநடு. ஓர் இரவு முழுக்கப் பாசறையை ஒளிந்திருந்து பார்ப்பவர்களுக்கு இது புரியும்படி, கொம்பு ஊதிக் காவல் மாறுவதாக வையுங்கள்.

இருட்டில் தாக்க வருவது படையென்றால் கணக்கு மாறுகிறது. இவர்களின் இருட்டுப் பார்வை 60 அடிதான், நெடுவில்லின் வீச்சோ 150 அடி. தீப்பந்தம் 20 அடிக்கு நல்ல வெளிச்சமும் அதற்கு மேல் 20 அடிக்கு மங்கல் வெளிச்சமும் தரும். பந்தம் பிடித்தவனை 150 அடியிலிருந்தும் பார்க்கலாம், அவனோ அந்த வில்லாளியைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத எதிரியிடமிருந்து வரும் அம்புக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் பெரியது) உண்டு, திருப்பி எய்பவனுக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டில் சிறியது). பந்தத்தை அணைப்பதா, தூர எறிவதா என்ற முடிவு ஆட்டக்காரர்களுக்கு மிக நல்ல ஒரு நிமிடத்தைக் கொடுக்கும்.

அம்பும் ஒரு காப்லினும்

ஹாப்காப்லினின் மார்ஷியல் அட்வான்டேஜ் என்ற திறமையை வாள் சண்டைக்கானது என்று பலரும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விதியை நிதானமாகப் பாருங்கள்: அடிபடுபவனுக்கு ஐந்தடிக்குள் ஹாப்காப்லினின் கூட்டாளி ஒருவன் செயலிழக்காமல் நின்றால் போதும், ஆயுதத் தாக்குதலில் இரண்டு ஆறுமுகப் பகடை கூடும். ஆயுதம் வில்லாகவும் இருக்கலாம். கூட்டாளி காப்லினாகவும் இருக்கலாம்.

அதாவது ஒரே ஒரு காப்லின் ஓடிப்போய் உங்கள் ஃபைட்டர் (போர்வீரப் பாத்திரம்) பக்கத்தில் நின்றால், 150 அடி தள்ளி நிற்கும் எட்டு வில்லாளிகளின் அம்பும் சராசரி 5.5 என்பதிலிருந்து 12.5 ஆகிறது. ஃபைட்டரின் ஆர்மர் கிளாஸ் 18 என்றால் தாக்குதல் எண் +3 உள்ள வில்லாளிக்கு இருபது முகப் பகடையில் 15 தேவை, அதாவது 30 சதவீதம். எட்டு அம்பில் சராசரி 2.4 தைக்கும், சேதம் 30. ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) +2 என்றால் ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 44. இரண்டு ரவுண்டு கூடத் தாங்காது. புத்தகம் "நடுத்தரம்" என்று சொன்ன சண்டை இதுதான்.

எனவே இதை முதல் ரவுண்டிலேயே பயன்படுத்தாதீர்கள். முதல் சரம் காப்லின் இல்லாமல் வரட்டும். பிறகு ஒரு காப்லின் ஓடிவந்து, கத்தியால் குத்தாமல் பக்கத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டுவதாக வருணியுங்கள். அடுத்த சரம் ஏன் இப்படி வலிக்கிறது என்று அவர்களே கேட்பார்கள். அந்த ஏழு ஹிட் பாயிண்ட் காப்லினைக் கொன்றால் கூடுதல் சேதம் போய்விடும் என்று கண்டுபிடிப்பது அவர்களுக்கு உண்மையான வெற்றி. நடுவில் யாராவது நின்று பாதி மறைப்பு கிடைத்தால் ஆர்மர் கிளாஸ் 20 ஆகி, தைக்கும் வாய்ப்பு 20 சதவீதமாகக் குறையும். மரம், வண்டி, செத்த கழுதை என்று மறைப்புகளைக் களத்தில் தாராளமாக வையுங்கள்.

டிஎம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: காப்லின் வந்து குத்திவிட்டு, நிம்பிள் எஸ்கேப் என்ற தன் நழுவும் திறமையால் அதே முறையில் விலகி ஓடிவிடும். அப்போது வில்லாளிகளின் முறை வரும்போது பக்கத்தில் யாரும் இல்லை. நிற்கும் காப்லினை நிற்கவைக்க வேண்டும், அதன் இனிஷியேட்டிவ் (முறை வரும் வரிசை) வில்லாளிகளுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். அது சாகக்கூடும் என்று காப்லினுக்கும் தெரியும். அந்த வேலைக்கு யாரை அனுப்புகிறார்கள் என்பதிலிருந்து காப்லின்களுக்கும் ஹாப்காப்லின்களுக்கும் இடையிலான கசப்பு முளைக்கிறது. ஆட்டக்காரர்கள் ஒரு காப்லினை உயிரோடு பிடித்துப் பேசினால் அவர்கள் கைக்குக் கிடைக்க வேண்டிய தகவல் இதுதான்.

ஃபயர்பாலுக்கு எதிரான இடைவெளி

ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்துக்கு 20 அடி ஆரம், சராசரி 28 சேதம். சேவிங் த்ரோவில் (தப்பிக்க உருட்டும் பகடையில்) தப்பினாலும் 14. ஹாப்காப்லினுக்கு இருப்பது 11 ஹிட் பாயிண்ட். தப்பினாலும் சாவுதான். தோளோடு தோள் நிற்கும் அணி ஒரே மந்திரத்தில் முடிந்துவிடும், முதல் சண்டையில் அப்படி முடியவும் வேண்டும். மந்திரவாதியை எதிரே பார்க்காத படை நெருங்கித்தான் நிற்கும்.

யாராவது தப்பி ஓடிச் செய்தி சொன்னால், அடுத்த சண்டையில் அணி ஜோடிகளாகப் பிரியும். இருவர் சேர்ந்து நிற்க வேண்டும், அப்போதுதான் மார்ஷியல் அட்வான்டேஜ் கிடைக்கும். ஜோடிக்கு ஜோடி 30 அடி. ஒரே கோட்டில் இப்படி நின்றால் ஒரு ஃபயர்பாலில் இரண்டு ஜோடிக்கு மேல் சிக்காது. ஆனால் கேப்டனின் லீடர்ஷிப் 30 அடிக்குள்தான் எட்டும். ஒரு நிமிடத்துக்குத் தாக்குதலிலும் சேவிங் த்ரோவிலும் நான்கு முகப் பகடை ஒன்றைக் கூட்டித்தரும் திறமை அது. பிரிந்து நின்றால் கேப்டனின் ஜோடியும் இரு பக்கத்து ஜோடிகளும் மட்டுமே அதற்குள் வரும். கூடி நின்றால் எல்லோருக்கும் பகடை, ஆனால் எல்லோருக்கும் நெருப்பு. கேப்டன் ஒவ்வொரு சண்டையிலும் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். யாரும் தப்பி ஓடவில்லை என்றால் படை பழைய தவற்றையே செய்யும். தப்புபவனைத் துரத்திப் பிடிப்பதற்கு அப்போதுதான் அர்த்தம் வருகிறது.

கட்டளையும் ஓட்டமும்

மூன்று கொம்பொலி போதும்: முன்னேறு, ஒன்றுகூடு, பின்வாங்கு. மேஜையில் நீங்களே வாயால் ஊதிக் காட்டுங்கள், இரண்டாவது சண்டைக்குள் ஆட்டக்காரர்கள் பொருளைப் பிடித்துவிடுவார்கள். ஒலி வராதவரை அணி கடைசியாகக் கேட்ட கட்டளையையே செய்யும். கொம்பூதுபவன் மேல் ஒலியை அடக்கும் சைலன்ஸ் மந்திரம் விழுந்தாலோ, கொம்பே அவர்கள் கையில் சிக்கினாலோ படை தடுமாறுவது தன்னால் நடக்கும்.

பொய்ப் பின்வாங்கலையும் கொம்பிலேயே செய்யலாம். 1223இல் கால்கா ஆற்றங்கரையில் மங்கோலியர்கள் நாள்கணக்கில் பின்வாங்கி, துரத்திவந்த ரஷ்ய இளவரசர்களின் படை நீண்டு சிதறியதும் திரும்பி அடித்தார்கள். வோர்க்கின் வேகம் 50, மனிதனுடையது 30. மேலே இருக்கும் காப்லினின் குறுவில் 80 அடி வரை சரியாக எய்யும். துரத்துபவர்கள் இடையே 100 அடி இடைவெளி விழுந்ததும் புதரிலிருந்து பக்பேர்கள். தடம் பார்க்கும் பாத்திரத்துக்கு ஓர் எச்சரிக்கை மட்டும் தவறாமல் கொடுங்கள்: உண்மையாக ஓடும் படை ஆயுதங்களை வழியில் போட்டுவிட்டு ஓடும், இந்தத் தடத்தில் எதுவும் கிடக்கவில்லை.

மன உறுதிக்கு இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு பேசிக் விதிகளின் முறை இன்றும் மிகச் சிறந்தது. இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுங்கள், இனத்துக்குரிய எண்ணைவிட அதிகமாக விழுந்தால் ஓட்டம். காப்லினுக்கு 7, ஹாப்காப்லினுக்கு 8, பக்பேருக்கு 9. ஓடும் வாய்ப்பு முறையே 42, 28, 17 சதவீதம். அணியில் முதல் சாவு விழும்போது ஒரு முறை, பாதிப்பேர் விழும்போது ஒரு முறை, அணித்தலைவன் விழுந்தால் உடனே. கேப்டன் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் எண்ணை இரண்டு கூட்டுங்கள். கடைசி ஆள்வரை சண்டையிடும் படையை நடத்தினால் ஆட்டக்காரர்களுக்குக் கொல்வதைத் தவிர வேறு உத்தி தோன்றாது.

மேஜையில் நடத்துவது

அணிக்கு ஓர் இனிஷியேட்டிவ். வரைபடத்தில் ஒரே நேரத்தில் இரண்டு அணிகளுக்கு மேல் வேண்டாம், மற்றவை துண்டுத்தாளில் ரவுண்டு எண்ணாக இருக்கட்டும். சேதத்துக்குச் சராசரி எண். கூட்டத் தாக்குதலுக்குப் பகடையே வேண்டாம், எதிரியின் ஆர்மர் கிளாஸில் தாக்குதல் எண்ணைக் கழித்து வருவதைப் பாருங்கள். 1 முதல் 5 வரை என்றால் ஒவ்வொருவரும் அடிப்பார். 6 முதல் 12 வரை இருவருக்கு ஓர் அடி, 13, 14 என்றால் மூவருக்கு ஒன்று, 15, 16 என்றால் நால்வருக்கு, 17, 18 என்றால் ஐவருக்கு, 19 என்றால் பத்துப் பேருக்கு, 20 என்றால் இருபது பேருக்கு ஒன்று. மேலே சொன்ன எட்டு வில்லாளிகள் ஆர்மர் கிளாஸ் 18-க்கு எதிரே இரண்டு அம்பு தைப்பார்கள், மறைப்பு இருந்தால் ஒன்று.

வேறு இனங்கள்

ஓர்க்குகளுக்கு இந்த ஒழுங்கு எதுவும் ஒத்துவராது. போனஸ் ஆக்‌ஷனில் எதிரியை நோக்கிப் பாயும் திறமை இருப்பதால் வேகமானது முன்னே, மெதுவானது பின்னே என்று வரிசை தானே கலையும். அதைக் கலையவே விடுங்கள். குறுகிய பாலம், பள்ளம், கதவு என்று இடம் பார்த்து நிற்கும் ஆட்டக்காரர்களுக்கு ஓர்க்குகள் துண்டு துண்டாக வந்து சேரும். கோபோல்டுகள் வெயிலில் தடுமாறும், எனவே அவற்றின் போர் குகைக்குள்ளும் இரவிலும் மட்டும்.

எலும்புக்கூட்டுப் படைக்குச் சோறு, தூக்கம், பயம் மூன்றும் இல்லை. அதன் கணக்கு முழுக்க மந்திரவாதிகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. பிணங்களை எழுப்பும் அனிமேட் டெட் மந்திரம் தரும் கட்டுப்பாடு 24 மணி நேரம்தான். அதற்குள் மறுபடி ஓதினால், மூன்றாம் நிலை மந்திர இடம் (ஒரு முறை ஓதச் செலவாகும் அளவு) ஒன்றுக்கு நான்கு பிணங்கள் வரை கட்டுப்பாட்டில் நீடிக்கும். நூறு எலும்புக்கூடுகளுக்குத் தினமும் 25 இடங்கள் வேண்டும். ஐந்தாம் லெவல் மந்திரவாதிக்கு அப்படி இரண்டு இடங்களே உண்டு, ஆக 13 பேர் தேவை. படைக்குள் புகுந்து அவர்களில் நால்வரைக் கொன்றால், ஒரு நாளுக்குள் 32 எலும்புக்கூடுகள் யார் பேச்சுக்கும் அடங்காமல், பக்கத்தில் நிற்கும் உயிருள்ளவர்கள் மேல் பாயத் தொடங்கும். மிச்சமிருக்கும் ஒன்பது மந்திரவாதிகளும் அந்தப் பக்கத்தில்தான் நிற்பார்கள்.